பதினோரு கப் நோல்டாவும் ஐந்தாம் கட்டமும்

போன மாதம் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ஷாலினி, விளம்பரப் பிரிவாம். குரலில் அப்படியொரு குதூகலம்.

"அங்கிள், நம்ம நோல்டாவுக்கு ஆண்டு மலர் போடுறோம். இந்தப் பினாங்குல சின்னப் பிள்ளைகூட எந்தச் சாக்லேட் தண்ணியையும் நோல்டான்னுதான் கேக்குது. ஒரு பேர இப்படி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேத்தது உங்களமாதிரி பழைய ஆளுங்கதான். எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க லா."

அடி ஆத்தாடி! இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்ததே, அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேராமல் தடுப்பதற்குத்தான். வேலையில் படுதோல்வி அடைந்தவனைக் கூப்பிட்டு, வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்கிறாள் பெண். "எழுதித் தர்றேம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோல்டா என்பது உண்மைப் பெயர் அல்ல. உண்மைப் பெயரை இங்கே எழுதினால் என்ன மாதிரிக் கடிதம் வீட்டுக்கு வரும் என்று மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடிதங்களை மடித்து உறையில் போட்டவனே நான்தான். மற்றபடி இதில் வருவதெல்லாம் நடந்தது, காப்பி, டீ விற்கிற பாக்கியம் அக்காவின் தண்ணிக்கடை உட்பட. உண்மையில் அந்தக் கடையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் அதைச் சொல்ல வாய் வராமல் சுற்றி வளைப்பது.

எழுபதுகளின் நடுவில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீஸ் துறைமுகத்துப் பக்கம், பழைய வெள்ளைக்காரன் கட்டிய கட்டடத்தில். இரண்டு வாரம் கோப்புகளுக்குத் துளை போட்டேன். மூன்றாவது வாரம் என்னைக் கந்தையா சாரிடம் அனுப்பினார்கள். பிரிவின் பெயர் வணிகப் பெயர்ப் பாதுகாப்பு. கந்தையா சார், ஆ செங் என்ற சீனப் பையன், நான், ஒரு இரும்பு அலமாரி. அவ்வளவுதான் படை.

கந்தையா சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பாவும் கிளார்க், தாத்தாவும் கிளார்க். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. எந்தக் காகிதத்தையும் அடிமட்டம் வைத்து வரி வரியாகத்தான் படிப்பார். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. தலைப்பு: 'காலஞ்சென்றவர்கள்'. அதன் கீழே அழகான கையெழுத்தில் ஆஸ்பிரின், கெரசின், எஸ்கலேட்டர், ஜிப், தெர்மாஸ்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் ஒருகாலத்திலை ஒவ்வொரு கம்பெனியின்ரை சொந்தப் பேர். சனம் எல்லாச் சாமானுக்கும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே சாக்காட்டிப் போட்டுது. இப்ப கனக்க நாட்டிலை ஆர் வேணுமெண்டாலும் எடுத்து ஒட்டலாம். அடுத்தது நோல்டா. அதைத் தடுக்கத்தான் நீர் இருக்கிறீர். விளங்குதோ?"

"விளங்குது சார்."

"போட்டோஸ்டாட் எண்டும் சொல்லாதையும். படி எண்டு சொல்லும்."

மனுஷன் சொன்னதைச் செய்கிறவர். தினமும் வீட்டிலிருந்து ஒரு தெர்மாஸ் கொண்டுவருவார்; செத்தாலும் அதைத் தெர்மாஸ் என்று சொல்லமாட்டார். 'சுடுதண்ணிப் போத்தல்' என்பார். எங்கள் பிரிவில் யாரும் வெறுமனே நோல்டா என்று சொல்லக்கூடாது, 'நோல்டா மார்க் மால்ட் பானம்' என்றுதான் சொல்லவேண்டும். ஒருநாள் ஆ செங், "நோல்டா ஹாபிஸ்", அதாவது தீர்ந்துவிட்டது என்று மலாயில் சொல்லிவிட்டு, சாரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நோல்டா மார்க் மால்ட் பானம் ஹாபிஸ், சார்" என்று திருத்திக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு வார்த்தை மட்டும்தான், பானம்.

என் வீட்டு நிலவரமோ வேறு. என் மனைவி ஒரே ஒரு நோல்டா டின்னைப் பல வருஷம் வைத்திருந்தாள். எந்தப் பொடி மலிவோ அதை அதில் கொட்டிவைப்பாள். கேட்டால், "நோல்டான்னா நோல்டாதான், இதுல என்னங்க இருக்கு?" என்பாள். நியாயப்படி என் சமையலறைக்கு நானே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பினால் அன்றைக்கு ராத்திரிச் சோறு கிடைக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

வேலை என்னவென்றால், நோல்டா கேட்டால் வேறு பொடியைக் கலந்து தருகிற கடையைப் பிடிக்க, கடைகடையாகப் போய்த் தண்ணி குடிப்பது. சிரிக்காதீர்கள். அதற்கு முறை இருந்தது.

இரண்டு பேராகப் போகவேண்டும். ஒருவர் கேட்பவர், ஒருவர் சாட்சி. கேட்பவர் நான். "நோல்டா பானாஸ் ஒன்னு", அதாவது சூடாக ஒன்று, என்று மட்டும் கேட்கவேண்டும். அதிகமாக ஒரு சொல் கூடாது, தலையாட்டல் கூடாது. ஐஸ் கூடவே கூடாது, மாதிரி நீர்த்துப்போகும். கப் வந்ததும் ஆ செங் சீனப் பத்திரிகையை இரண்டு கையாலும் அகல விரித்துக்கொள்வான். அந்த மறைவில், கார்க் போட்ட சின்னக் குப்பியில் பாதியை ஊற்றவேண்டும். மீதிப் பாதியைக் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் சந்தேகப்படுவார். பிறகு தெருமுனையைத் திரும்பி, சிகரெட் லைட்டரில் சிவப்பு அரக்கை உருக்கிக் குப்பிக்கு முத்திரை வைத்து, சீட்டுக் கட்டி, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். குப்பி கோலாலம்பூருக்குப் போகும். இது நோல்டா அல்ல என்று அங்கே ஒரு ரசாயன நிபுணர் கண்டுபிடிப்பார். நாக்கு உள்ள எவனும் அதைக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் நாக்குக்குப் பட்டம் கிடையாதே!

ஒருநாளைக்குப் பதினோரு கடை. பதினோரு அரைக் கப். ஜெலுத்தோங்கில் தொடங்கி டத்தோ கெராமாட் வழியாக வரும்போது எனக்கு உலகத்தில் வேண்டியது ஒரு கக்கூஸ் மட்டும்தான். கம்பெனி எனக்குக் கொடுத்த நிரந்தரப் பரிசு என்று ஏதாவது உண்டென்றால் அது சர்க்கரை வியாதி. இன்றைக்கும் விசுவாசமாகக் கூடவே இருக்கிறது.

குப்பியோடு ஒரு படிவம் போகும். ஆறு கட்டம். கடை, நேரம், கேட்ட சொல், தந்த பொருள். ஐந்தாவது, 'விற்றவர் தாமாகச் சொன்னது'. ஆறாவது கையெழுத்து. கந்தையா சாருக்கு ஐந்தாம் கட்டம்தான் உயிர். கடைக்காரர் தாமாகவே 'இது நோல்டா இல்லை, வேறு மார்க்' என்று சொல்லிவிட்டால் கேஸ் அங்கேயே முடிந்தது. ஏமாற்று இல்லை, கடிதம் இல்லை. மாலையில் ஒவ்வொரு படிவத்துக்கும் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு அதே மூன்று கேள்வி கேட்பார்.

"நீர் கேட்டது என்ன? அவை தந்தது என்ன? அவை சொன்னது என்ன?"

"ஒன்னும் சொல்லல சார்."

உண்மையும் அதுதான். பினாங்கில் எந்தக் கடைக்காரர் கூட்ட நேரத்தில் நின்று, தம்பி இது வேறு மார்க் என்று விளக்கம் சொல்லப்போகிறார்? மாதக்கணக்கில் ஐந்தாம் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்றே எழுதினோம். அப்புறம்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் வந்தது. காலையில் ஃபெரித் துறைக்கு எதிரே ரொட்டி தின்றுகொண்டே அன்றைக்கு வேண்டிய பதினோரு படிவத்திலும் ஐந்தாம் கட்டத்தை முன்கூட்டியே நிரப்பிவிடுவோம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. வெயிலில் நின்று எழுதுகிற வேலை மிச்சம். ஆறாம் கட்டத்தில் கையெழுத்தும் அப்போதே. யோசனை என்னுடையது. ஆ செங் மேல் பழிபோட மாட்டேன்.

பெரும்பாலும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் முடிந்துவிடும். பாலிக் புலாவில் ஒரு கோப்பிக்கடைக்காரர் எங்கள் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். கம்பெனியிலிருந்து வந்த பாராட்டுப் பத்திரம் என்று நினைத்துவிட்டார், பாவம். எனக்கு டுரியான் வேறு வெட்டிக் கொடுத்தார்.

இப்படி ஒருவருக்கும் நோகாமல் போயிருந்தால் நல்லதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் மேலிடம், கடிதம் போதாது, ஒரு கடையையாவது வக்கீலிடம் இழுத்து, மன்னிப்பைப் பத்திரிகையில் போடவைத்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று சொல்லிவிட்டது. எப்படிப்பட்ட கடை? மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் படிவம் சுத்தமாக இருக்கிற கடை. சொந்தமாக வக்கீல் வைக்க முடியாத கடை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

பாக்கியம் அக்காவின் கடை ஜெலுத்தோங்கில், ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்துக் காக்கி லீமாவில் இருந்தது. கடைவரிசைக்கு முன்னால் ஓடுகிற அந்த ஐந்தடி நடைபாதையில் ஒரு மேசை, இரண்டு அடுப்பு, நாலு பெஞ்சு. காலையில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்சுக்கு நிற்கிற பெண் பிள்ளைகள் கூட்டம். அக்காவின் புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு உடைந்து வீட்டில் கிடந்தார். அந்த மேசையில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

முதல் இரண்டு தடவை எல்லாம் முறைப்படி நடந்தது. கேட்டேன், கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை போனபோது நல்ல வெயில். அது எங்களுக்கு அன்றைக்கு ஒன்பதாவது கடை. "நோல்டா பானாஸ் ஒன்னு" என்றேன். அக்கா கப்பைக் கையில் எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்தார்.

"தம்பி, நீங்க அடிக்கடி வர்ற ஆளு, அதனால சொல்றேன். இது நோல்டா இல்ல தம்பி, வேற டின்னு. குடிப்பீங்களா?"

மேசைக்கு அடியிலிருந்து டின்னை எடுத்துக் காட்டவும் செய்தார்.

முறைப்படி நான் அந்த நிமிஷமே எழுந்திருக்க வேண்டும். ஐந்தாம் கட்டத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெயில், தாகம், பழக்கம். வாய் தானாகவே சொன்னது: "பரவாயில்லக்கா, எல்லாம் நோல்டாதானே, போடுங்க."

நோல்டா என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் சொன்ன வார்த்தை இது! அக்கா சிரித்தார். "சீனி கம்மியாப் போட்டிருக்கேன், ஆளு சோர்ந்து போயிருக்கீங்க" என்று கப்பை வைத்தார். ஆ செங் பத்திரிகையை விரித்தான். கை குப்பியில் ஊற்றியது. தெருமுனையில் அரக்கு வைத்தேன். படிவத்தைக் குப்பியோடு கட்டினேன். ஐந்தாம் கட்டம் காலையிலேயே நிரம்பியிருந்தது. ஆ செங்குக்கு அவர் பேசிய தமிழ் புரியவில்லை. ஆக, அக்கா சொன்னதைக் கேட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அடுத்த வாரம் கந்தையா சார் மூன்று படிவத்தையும் வரிசையாக வைத்து அடிமட்டம் ஓட்டினார். முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் பார்த்ததில்லை. "பூரணமான கேஸ்" என்றார்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலை அவர் மேசை முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சொன்னது, நான் சொன்னது, ஃபெரித் துறை ரொட்டிக்கடையில் நிரப்பிய கட்டங்கள், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பிடி முன்னமே நிரப்பின படிவம் எத்தினை?"

"கிட்டத்தட்ட எல்லாமே சார்."

அவர் திரும்பி இரும்பு அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை அவர் அடிமட்டம் வைத்துப் படித்து ஒப்பமிட்ட படிவங்கள். மனுஷன் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி, குடிக்காமல் வைத்தார்.

"இந்த ஒண்டு மட்டும் பிழை எண்டு சொல்ல ஏலாது. சொன்னா அலமாரி முழுக்கப் பிழை. நீரும் வீட்டை போவீர், நானும் போவன்."

"அந்த அக்காவோட கடை சார்..."

"நீர் இண்டைக்கு என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. விளங்குதோ?"

விளங்கியது. வருஷக்கணக்காக அவர் காப்பாற்றியது படிவத்தை, படிவத்துக்குள் இருந்த உண்மையை அல்ல என்று விளங்கியது. பெரிய ஞானம்! ஆனால் எனக்கு மேற்பார்வையாளர் பதவி வரவிருந்தது, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பயந்தேன். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

வக்கீல் ஆபீஸுக்குப் பாக்கியம் அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அந்த வேறு டின். தான் எதையும் மறைக்கவில்லை என்று காட்டினால் போதும், விட்டுவிடுவார்கள் என்று நம்பி எடுத்து வந்திருக்கிறார். வக்கீல் இளவட்டம், இங்கிலீஷில்தான் பேசினார், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க யார்? நான்தான். கம்பெனி சிக்கனம்.

உள்ளே நுழைந்து என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தெரிந்த ஆள் ஒருவன் இருக்கிறானே என்று.

"தம்பி, நீங்களா! நல்லவேளை. இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நான் உங்ககிட்டச் சொன்னேன்லா? டின்னக்கூட எடுத்துக் காட்டினேன்லா?" பையிலிருந்து அந்த டின்னை எடுத்து மேசையில் வைத்தார்.

வக்கீல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்கிறார் என்றேன், இங்கிலீஷில்.

பிறகு அக்காவிடம் திரும்பி, அவர் கண்ணைப் பார்க்காமல், "படிவத்துல அப்படி இல்லக்கா" என்றேன்.

அவர் திட்டுவார், அழுவார், டின்னைத் தூக்கி என் மேல் எறிவார் என்று நினைத்தேன். அவர் டின்னைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"சரி தம்பி. படிவத்துல இல்லன்னா நான் சொல்லல போல. எங்க கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன். போட்டார். எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தமிழில் எழுதினார். அந்த மேசையில் அன்றைக்குப் பொய் சொல்லாத கையெழுத்து அது ஒன்றுதான்.

மன்னிப்பு தமிழ்ப் பத்திரிகையில் கட்டம் கட்டி வந்தது. ஏமாற்றுக்காரி என்று எந்த இடத்திலும் எழுதவில்லை. எழுதாமலே ஊர் படித்துக்கொண்டது. ஒர்க்‌ஷாப் முதலாளி வம்பு வேண்டாம் என்று இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது மேசை இருந்த இடத்தில் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். புருஷனைக் கூட்டிக்கொண்டு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில், தோட்டத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஃபெரி ஏறினால் அன்றைக்கே போய்த் திரும்பலாம். போகவில்லை. எனக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது.

ஊர் மட்டும் பயப்படவே இல்லை. பத்திரிகையில் மன்னிப்பைப் படித்தவர்கள் அதே கையோடு கடையில் போய் "நோல்டா ஒன்னு" என்று கேட்டு, எது வந்ததோ அதைக் குடித்தார்கள். தொண்ணூறுகளில் கம்பெனி கைமாறியது. புதிய முதலாளிகளுக்கு வணிகப் பெயர்ப் பாதுகாப்பு என்றால் என்னவென்றே புரியவில்லை. ஊரே நம் பெயரைச் சொன்னால் நல்லதுதானே என்று கேட்டார்கள். பிரிவை மூடினார்கள். இரும்பு அலமாரி புக்கிட் தெங்கா கிடங்குக்குப் போனது, அதைப் பார்த்துக்கொள்ள நானும் கூடவே. கந்தையா சாருக்குப் பிரியாவிடை நடந்தபோது ஊழியர்கள் சேர்ந்து கொடுத்த பரிசு ஒரு தெர்மாஸ். திறந்து பார்த்து, "நல்ல சுடுதண்ணிப் போத்தல்" என்றார்.

ஷாலினி அனுப்பிய படிவம் போன வாரம் தபாலில் வந்தது. இதிலும் கட்டங்கள். பெயர், சேவை ஆண்டுகள், பதவி, மறக்க முடியாத சம்பவம். ஐந்தாவது கட்டத்தை இரண்டு தடவை படித்தேன். 'வாடிக்கையாளரிடமோ கடைக்காரரிடமோ நீங்கள் கேட்ட, மறக்க முடியாத வார்த்தை'. கூடவே போனும் வந்தது.

"அங்கிள், அந்த அஞ்சாவது கட்டம் மட்டும் கஷ்டமா இருந்தா காலியா விட்டுடுங்க. நாங்களே 'நோல்டாவுக்கு ஈடு இல்லை'ன்னு போட்டுக்கிறோம். எல்லாருக்கும் அப்படித்தான் ரெடியா அடிச்சு வெச்சிருக்கோம் லா."

அப்பாடா, கம்பெனியின் மரபு இன்னும் சாகவில்லை.

நானே நிரப்பி அனுப்பினேன். ஜெலுத்தோங், ஒர்க்‌ஷாப் பக்கத்துக் காக்கி லீமா, பாக்கியம் அக்கா தண்ணிக்கடை என்று எழுதி, அதன் கீழே அவர் வார்த்தையை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன். 'இது நோல்டா இல்ல தம்பி, வேற டின்னு. குடிப்பீங்களா?'

நேற்று ஷாலினி மறுபடி கூப்பிட்டாள். குரலில் குதூகலம் குறைந்திருந்தது.

"அங்கிள், அஞ்சாவது கட்டத்துல என்னமோ எழுதியிருக்கீங்களே. இது மலருக்கு ஒத்து வராதே. எடுத்துடவா?"

"எடுக்காதம்மா" என்றேன். "அவங்க சொன்னாங்க."